நாற்பத்தோராவது எல்

கண்டியில் ஆங்கிலத்தில் எதையாவது அச்சடிக்க வேண்டுமென்றால் சண்முகநாதன் முதலாளியின் அச்சுக்கூடத்துக்குத்தான் போவார்கள். அங்கே ஆங்கில எழுத்துக் கோப்பவர் லாபிர். திகனையில் பிறந்தவர். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. ஆனால் ஈய எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கிவிட்டு, அதைத் தலைகீழாகவே தடங்கலில்லாமல் வாசிப்பார். பத்தொன்பது வருஷமாகக் கலியாணக் கடிதம், மரண அறிவித்தல், கடை விளம்பரம் என்று ஊரில் உள்ள அத்தனை பேரின் பெயரையும் கோத்தவர். தன் பெயரைக் கோக்க அவருக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

1931ஆம் வருஷம் அந்த வாய்ப்பு வந்தது. தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு துரை, மலைநாட்டுக்கு ஒரு கைநூல் எழுதிக் கொண்டுவந்தார். எந்த ஊரில் என்ன கடை, எந்த பங்களாவில் யார், எந்த ரயில் எங்கே போகிறது என்று எல்லாம் அதில் இருந்தது. கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு வெள்ளைக்காரர்கள் வந்து குவிவதற்கு முன் புத்தகம் வெளிவர வேண்டும். இருநூறு பக்கத்தையும் லாபிர் ஒற்றை ஆளாகக் கோத்ததைப் பார்த்த முதலாளி, கடைசிப் பக்கத்தில் அச்சுக்கூடத்தின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரையும் போடலாம் என்று வாக்குக் கொடுத்தார். துரையும் தலையாட்டினார்.

லாபிருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அவருடைய மனைவி றம்லத், அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்துவிட்டாள். அவளுடைய அண்ணனான நானாவின் துணிக்கடை அதே புத்தகத்தில் இருபத்தாறாம் பக்கத்தில் வருகிறது. அந்த மனுஷன் கடைப் பலகையில் தன் பெயரை முழ நீளத்துக்கு எழுதிவைத்துவிட்டு, ஈயம் பொறுக்குகிறவன் என்று லாபிரைக் கேலி செய்கிறவர். அவருக்கு முன்னால் புத்தகத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது றம்லத்தின் ஆசை. லாபிருக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

கெடுத்தது ரயில்தான். தமிழில் ஓர் எழுத்துக்கு ஓர் உருவம், தொல்லையில்லை. ஆங்கிலத்திலோ ஒவ்வொரு எழுத்துக்கும் பெரியது, சின்னது என்று இரண்டு உருவம். பெயர் என்றால் பெரியதில் தொடங்க வேண்டும். மாத்தளை லைன் என்றால் மாத்தளை பெயர், சரி. லைன் என்பது பெயரா, வெறும் பாதையா? துரை முதலில் வெறும் பாதை என்றார். லாபிர் லைனின் முதல் எழுத்தைச் சின்ன எல்லில் கோத்தார். ஒரு வாரம் கழித்து, மாத்தளையோடு சேர்ந்தால் அதுவும் பெயர்தான் என்று துரையின் கடிதம் வந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் பெரிய எல்லைப் போட்டார். இரண்டு லைன்களைச் சேர்த்துச் சொன்னால் சின்னது என்று அடுத்த கடிதம். மறுபடியும் பிடுங்கினார். கடைசியாக, லண்டனில் மண்ணுக்கடியில் ஓடும் ரயில்களைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றில் எங்கும் பெரிய எழுத்தே இருப்பதாகவும், நம் புத்தகமும் அப்படியே இருக்க வேண்டும் என்றும் எழுதினார். கடுகண்ணாவை ரயில் சுரங்கத்தைத் தவிர மண்ணுக்கடியில் ஒன்றையும் பார்த்திராத லாபிர், விரல் நுனி கறுத்துக் காந்தலெடுக்க, மூன்றாம் தடவையாக எல்லாவற்றையும் மாற்றினார்.

ரயில் விவரம் புத்தகத்தின் கடைசியில் வருகிறது. கடைசி எட்டுப் பக்கத்தையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டி, ஒரே தடவையில் அடிக்க வேண்டும். பெட்டியில் நல்லதாக இருந்த பெரிய எல் நாற்பது. நாற்பதையும் ரயில்கள் கொண்டுபோயின. நாற்பத்தோராவது, லாபிரின் பெயருக்கு முதல் எழுத்து.

எழுத்துப் போதாவிட்டால் கோப்பவர்கள் அந்த இடத்தில் வேறு ஏதாவது ஓர் எழுத்தைத் தலைகீழாகக் குத்திவைப்பது வழக்கம். மாதிரித் தாளில் அது கறுப்புக் கட்டையாக விழும். பிறகு உரியது கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம். தன் பெயருக்கும் லாபிர் அப்படியே செய்தார். கொழும்புக்கு எழுதினால் எழுத்து வரப் பத்து நாள். பெரஹராவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. பெயரை மட்டும் வேறு அளவு எழுத்தில் போடலாமா என்று கேட்டார். பக்கம் கோமாளி மாதிரி இருக்கும் என்று முதலாளி மறுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் லாபிர் தன் வாழ்க்கையிலேயே செய்யாத காரியத்தைச் செய்தார். வத்தேகமை ஸ்டேஷன் வரும் வரியில் மாத்தளை லைனின் பெரிய எல்லைச் சாமணத்தால் பிடுங்கினார். அந்த இடத்தில் சின்னதைச் செருகினார். பிடுங்கியதைத் தன் பெயருக்கு முன்னால் வைத்தார். முப்பத்தொன்பது பெரியதுக்கு நடுவே ஒரு சின்னதை எவன் தேடப்போகிறான் என்று நினைத்தார். ஒரு தாளில் அடித்துப் பார்த்தார். அவருடைய பெயர் முழுசாக, அழகாக விழுந்திருந்தது. அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாதிரித் தாள் துரையிடம் போனது. துரை தேடினார். வத்தேகமை என்ற பெயரிலேயே ஓர் எழுத்துக் குறைந்திருந்ததைக் காணாத மனுஷர், அதற்குப் பக்கத்தில் இருந்த சின்ன எல்லைச் சிவப்பு மையால் வளைத்து அனுப்பியிருந்தார்.

முதலாளிக்கு விஷயம் விளங்கிவிட்டது. கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூட லாபிருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"லாபிர் நானா, அதை எடுத்து ரயிலுக்கே போட்ருங்க. பேர் வரியைக் கழட்டிருங்க. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"நான் இத தவிர ஒண்டும் கேக்கல்லயே, முதலாளி."

"தெரியுது. நான் என்ன செய்ய, துரையோட புத்தகமில்ல?"

தன் பெயரின் முதல் எழுத்தை லாபிரே பிடுங்கினார். வேறு யாரையும் தொட விடவில்லை. மாத்தளை லைனில் அதைச் செருகி, சட்டத்தை முறுக்கிப் பூட்டினார். மிச்ச எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார்.

புத்தகம் பெரஹராவுக்கு இரண்டு நாள் முந்தி வெளிவந்தது. வாங்கிப் போன துரையிடமிருந்து மறுநாளே ஒரு கடிதம் வந்தது. அச்சு நேர்த்தி என்று இரண்டு வரி. அதற்குக் கீழே, இன்னும் யோசித்ததில் லைனுக்குச் சின்ன எல்லே பொருத்தம் என்று படுவதாகவும், அடுத்த பதிப்பில் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. லாபிர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மடித்து முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, புத்தகத்தில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

றம்லத் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கடைசிப் பக்கத்தைத் தானே பிரித்து வைத்துக்கொண்டாள்.

"ஒங்கட பேர் எங்க ஈக்கு?"

லாபிர் இரண்டு பக்கம் பின்னோக்கிப் புரட்டினார். வத்தேகமை வரியில், லைனின் முதல் எழுத்துக்கு மேலே கறுத்த விரலை வைத்தார்.

"இந்தா, இந்த ஒரு எழுத்து. இது எண்ட பேருக்கு வெச்சிருந்த எழுத்து."

அவள் குனிந்து அதையே பார்த்தாள்.

"பத்திரமா அலுமாரில வை," என்றார் லாபிர். "அடுத்த புத்தகத்தில இதுவும் ஈக்காது."