மெர்வின் பார்த்த கேன்சர் படம்

நான்காவது கீமோ முடிந்த அலுப்பில் இருந்தான் இரும்புலியூர் மெர்வின், பம்மல் பள்ளியொன்றில் கம்ப்யூட்டர் வாத்தியார். புற்றுநோய் வந்த இளைஞனைப் பற்றிய காமெடிப் படம் என்று சொல்லி, நண்பர்கள் ஆபேலும் ஷ்யாமும் அவனைத் தியேட்டருக்கு இழுத்து வந்திருந்தார்கள். இதை யார் கேட்டார்கள்?

ஒவ்வொரு ஜோக்குக்கும் இருவரும் முதலில் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சிரித்த பிறகே சிரித்தார்கள். பாவமே என்று சிரித்துக் கொடுத்ததில் இடைவேளைக்குள் அவனுக்குத் தாடை வலி கண்டுவிட்டது.

அப்புறம் கதாநாயகன் வாந்தி எடுத்தான். சோக இசைக்குத் தியேட்டரே கண்கலங்கியது. ஆனால் கதாநாயகன் சட்டையில் ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை. இஸ்திரி மடிப்பும் கலையவில்லை. மெர்வினுக்கு நிஜமாகவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

ஆபேல் முதுகைத் தடவினான். "அழாத மச்சான், நாங்க இருக்கோம்ல."

விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஆபேலுக்காக மெர்வின் ஒருமுறை மூக்கை உறிஞ்சி வைத்தான்.