தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

குடிக்கணக்கு எடுக்கும் வேலையை வாத்தியார்கள் தலையில் கட்டிய புண்ணியவான் யாரோ, அவரை ஒருநாள் அந்த மலையடிவாரத்து ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். சேந்தமங்கலத்திலிருந்து வெயிலில் நடந்துபோய், ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்று ஆட்களை எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்ட வேண்டும். கூலி கிடையாது. மாட்டேன் என்றும் சொல்ல முடியாது.

அங்கிருந்தவர்கள் மலைக்காரர்கள். பாதிப் பேர் கிழங்கு தோண்டப் போயிருந்தார்கள், மீதிப் பேர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒருத்தி நின்று பதில் சொன்னாள். அப்பாடா என்றிருந்தது. பிள்ளைகள் உண்டா என்றேன். இல்லை என்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசுப் பெண் ஒன்று புளியங்காய் கடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ இது யாரு?"

"எம்புள்ள இல்லீங்க சாமி. தவுட்டுக்குக் குடுத்துட்டனுங்க."

அதற்குமுன் பெற்றதெல்லாம் தங்கவில்லையாம். அதனால் இதைப் பிறந்த அன்றே எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்து, பதிலுக்கு ஒரு முறம் தவிடு வாங்கிக்கொண்டாளாம். பிறத்தியார் பிள்ளை என்றால் சாவு ஏமாந்து போய்விடுமாம். சரி, எதிர்வீட்டில் எழுதித் தொலைக்கலாம் என்று போனேன். அவளோ, தவிடு கொடுத்தது நிஜம்தான், ஆனால் சோறும் படுக்கையும் அங்கேதானே என்றாள். எனக்குத் தலை வெடித்தது. கண்ணெதிரே ஓர் உயிர் புளியங்காய் தின்கிறது, இரண்டு வீட்டிலும் ஆள் இல்லை என்கிறார்கள். பொய் சொன்னால் அபராதம் என்று கத்திவிட்டேன்.

தாய்க்காரி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எம்மவள்னு எழுதுனா வாய்விட்டுப் படிப்பீங்க. கேட்டுருமுங்க."

எது கேட்டுவிடும் என்று அவள் சொல்லவில்லை. கை மட்டும் பிள்ளையின் தலைமேல் இருந்தது. என்னமோ போங்கள் என்று எதிர்வீட்டிலேயே எழுதினேன். அந்த வீட்டில் ஏற்கெனவே இதைவிட நாலு மாசம் மூத்த ஒரு பையன். மேலதிகாரி பார்த்துவிட்டு, இந்தப் பொம்பளை நாலு மாசத்துக்கு ஒன்று பெறுகிறாளா என்று பத்துப் பேர் முன்னால் என் மானத்தை வாங்கினார்.

பத்து வருஷம் கழித்து அடுத்த குடிக்கணக்கும் என் தலையிலேயே விழுந்தது, அதே ஊர். இந்தத் தடவை நான் கேட்பதற்குமுன் அந்தத் தாய்க்காரியே வாசலுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது.

"எம்மவ ஒருத்தி. எழுதிக்குங்க சாமி."

அந்தப் பெண்ணைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு அவளை முந்தின நாள்தான் மாமியார் வீட்டில் எழுதியிருந்தேன். ஓர் ஆளை இரண்டு இடத்தில் எழுதக்கூடாது என்று தொண்டை வறளச் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன்!

"அங்க மருமவள்னுதான எழுதிருப்பீங்க? கண்ணாலத்தன்னிக்கே தவுட்டத் திருப்பிக் குடுத்துட்டனுங்க. இனி எனக்குப் பயமில்ல."

மேலதிகாரி கத்தினால் கத்தட்டும் என்று எழுதினேன். அவள் நகரவில்லை. எழுதியதைப் படிக்கச் சொன்னாள்.

படித்தேன். இன்னும் சத்தமாக என்றாள்.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும்படி, 'மகள்' என்று படித்தேன்.