யார்லாம் இருக்கீங்க?

எனக்கு மூடுபனி பிடிக்காது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் மலை டவுன் தானா ராத்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையை நீட்டிப் பனியைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அந்தப் பனியால்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. அந்த வழக்கத்தால்தான் என் அப்பாவைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்களோ என்று நாங்கள் பயந்து செத்தோம்.

வழக்கம் இதுதான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். அதைப் பெரட்டு என்போம். மற்ற இடங்களில் கங்காணி முகம் பார்த்துப் பேர் கூப்பிடுவாராம். எங்கள் மலையில் அந்நேரம் பக்கத்தில் நிற்பவளின் மூக்குத்தி கூடத் தெரியாது. அதனால் கங்காணி பனிக்குள்ளிருந்து, "யார்லாம் இருக்கீங்க?" என்று ஒரு சத்தம் போடுவார். வரிசையில் முதல் ஆள் தன் பேர், தகப்பன் பேர், லயம் என்கிற வரிசை வீட்டின் நம்பர் எல்லாம் சொல்லி "வந்தேன்!" என்று கத்துவார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். முதலில் நிற்பது எப்போதும் என் அப்பாதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கூட்டத்தில் அவர் மூத்த ஆள்.

எங்கள் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் தம்பிக்கும் நீல ஐசி, குடியுரிமை உள்ளவர்களின் அடையாள அட்டை. அப்பாவுக்கு மட்டும் சிவப்பு. அவர் தாய் மடியில் உட்கார்ந்து கப்பலில் மலாய் நாட்டுக்கு வந்தவர், பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால் எழுபதுகளில் அவர் இந்த நாட்டு ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. பெர்மிட் இருந்தால் வேலை, வேலை இருந்தால் லயத்து வீடு. பெர்மிட் போய், வீடு போய், பூர்வீக ஊருக்கென்று கப்பலேறிய குடும்பங்கள் எங்கள் லயத்திலேயே உண்டு. ஊராம் ஊர்! அங்கே அப்பாவுக்கு ஒரு நாய் கூடத் தெரியாது. நீல ஐசிக்கு எழுதிப் போட்டுவிட்டு, ஐசி ஆபீஸில் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த எதிர்க்கட்சி எம்.பி. வந்தார். பக்கத்துக் கோலா தெர்லாவில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் காய்கறி போட்டிருந்தார். கோஸ் அடுக்குகிற அவருடைய கொட்டகையில் கூட்டம் என்று பேச்சு. பெரட்டில் கங்காணி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"யாரும் அங்க போவக் கூடாது. தொர காதுக்குப் போச்சுன்னா நான் பொறுப்பில்ல லா."

அம்மாவும் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். "சும்மா கெடக்க முடியாதா உங்களுக்கு? வம்ப வெல கொடுத்து வாங்கணுமா?"

"அவரு வக்கீலு. ஐசி விஷயமா ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்" என்றார் அப்பா. தனியாக விட மனமில்லாமல் நானும் காய்கறி லோரியில் ஏறிப் போனேன். தேயிலை ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த புதிது எனக்கு. வாய் மட்டும் அப்போதே நீளம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொட்டகை முழுக்க எங்கள் தோட்டத்து ஆட்கள்தான், கங்காணி பேச்சை ஒருத்தரும் மதிக்கவில்லை. கடைசியில் ஒரு தூணோரம் கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒரு தமிழர் நின்றார். தோட்டத்து ஆளும் இல்லை, காய்கறி பார்ம் ஆளும் இல்லை. சப்பாத்தில் சேறு இல்லை. சாதா உடுப்பில் வந்த மாத்தா, போலீஸ்காரர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. 

எம்.பி. ஐசி பற்றிப் பேசவே இல்லை. பட்ஜெட் பற்றிப் பேசினார். "இங்க வரி கட்டுறவங்க யாரு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். "அதெல்லாம் தொர கட்டுறது லா" என்றது ஒரு குரல்.

அவர் முன்னால் நின்றவரிடம் தீப்பெட்டி வாங்கிக் குலுக்கிக் காட்டினார். "இதுக்குள்ள வரி இருக்கு. சீனியில இருக்கு, பால் டின்னுல இருக்கு. தொர போடுற சீனிக்கும் நீங்க போடுற சீனிக்கும் ஒரே வரி. அவரு சம்பளமும் உங்க சம்பளமும் ஒண்ணா? இந்த பட்ஜெட் பணக்காரனத் தொடல, உங்க டீத்தண்ணியத் தொடுது. அதக் குறைன்னுதான் பார்லிமெண்டுல நின்னு கத்துறேன்."

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நின்றார்.

"இந்நாட்டு ஆளு இல்லேங்குறான். அப்புறம் எங்கிட்ட எப்புடி வரி வாங்குறான்?" என்று என்னிடம் கேட்டார். கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

அதற்குள் வெளியே பனி இறங்கிக் கொட்டகைக்குள் புகுந்துவிட்டது. மேடை என்று போட்டிருந்த பலகை மங்கலாகிப்போனது. பேச்சை முடிக்கிற எம்.பி. பனிக்குள்ளிருந்து குரலை உயர்த்தினார்.

"நான் தனியாளு இல்லேன்னு அங்க போய்ச் சொல்லணும். என்னோட யார்லாம் இருக்கீங்க?"

அட கடவுளே! அந்த மனுஷன் கைதட்டலை எதிர்பார்த்துக் கேட்டார். அவருக்கு எங்கள் பெரட்டு எப்படித் தெரியும்? முன்வரிசையில் நின்ற என் அப்பா விறைத்து நின்றார். தன் பேரைச் சொன்னார், தகப்பன் பேரைச் சொன்னார், லயத்து நம்பரையும் சொன்னார். "வந்தேன்!" என்று கத்தினார். அவ்வளவுதான், அடுத்தவர் கத்தினார், அதற்கடுத்தவர் கத்தினார். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் தாங்களாகவே பேர் கொடுத்தார்கள். கத்திய பிறகுதான் ஒவ்வொருவருக்கும் இது பெரட்டு இல்லை என்று நினைவு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கறுப்பு ஜாக்கெட் மெதுவாக நடந்து அப்பாவிடம் வந்தார். சிரித்த முகம்.

"அண்ணே, லயத்து நம்பர் சரியா காதுல விழல. இன்னொரு தடவ சொல்லுங்க."

அப்பா சொன்னார். வேறு என்ன செய்வார்?  

அதற்குப் பிறகு ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் அம்மா கதவைச் சாத்துவாள். கியா பார்ம் பக்கம் போனாலும் கறுப்பு ஜாக்கெட் போட்டவன் எல்லாம் அவனாகவே தெரிந்தான்; குளிர் ஊரில் பாதிப் பேர் கறுப்பு ஜாக்கெட்தான்! இந்த லட்சணத்தில் அப்பா வேறு கடையில் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுலயுமா?" என்று முணுமுணுப்பார். "உங்க வாயில சனி உக்காந்திருக்கு" என்று அம்மா கடையிலேயே திட்டுவாள். எனக்கு அந்த எம்.பி. மேல்தான் கோபம். வந்தார், பேசினார், காரில் ஏறிப் போனார். பனியில் நிற்கப்போவது நாங்கள்தானே?

ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். கேள்வியெல்லாம் மலாயில். வீட்டில் நான் அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். வரி கட்டுகிறாயா என்று கேட்டால் "தடா, துவான்", இல்லை ஐயா என்று சொல்ல வேண்டும். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா தலையை ஆட்டினார்.

தானா ராத்தா ஆபீஸில் என்னையும் உள்ளே விட்டார்கள், ஆனால் வாய் திறக்கக் கூடாது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட மலாய் அதிகாரி. பேர், வேலை, பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு, "பாயார் சுக்காய்?" என்றார். வரி கட்டுகிறாயா?

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அடா, துவான். ஹாரி ஹாரி பாயார்."

கட்டுகிறேன் ஐயா, தினமும் கட்டுகிறேன். அதோடு விட்டாரா? சீனி, பால் டின், தீப்பெட்டி என்று விரல் மடக்கினார். அப்படியே அந்த எம்.பி.யின் பேச்சு! நாசமாய்ப் போச்சு என்று நினைத்தேன். 

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"சியாப்பா சாக்காப்?"

யார் சொன்னது? எம்.பி.யின் பேரைச் சொன்னால், எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குப் போனேன் என்று அப்பாவே எழுதிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் மறைக்கிறார் என்பார்கள். நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். பெரட்டில் நிற்பது போல நின்றார். தன் பேர், தகப்பன் பேர், லயத்து நம்பர். கடைசியில், "சாயா சாக்காப், துவான்!" நான்தான் சொல்கிறேன் ஐயா.

அதிகாரி அவரை வெகுநேரம் பார்த்தார். சிரிப்பாரா, கத்துவாரா, ஒன்றும் தெரியவில்லை. "டுடுக்" என்றார், உட்கார் என்று. மீதிக் கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டு, கடிதம் வரும் என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அவரு கேட்டது யாரு பேசுறதுன்னு இல்லப்பா! யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டாரு. தெரியாம உளறிட்டீங்களே!"

"எனக்கு மலாய் தெரியாதா? தெரியும் லா." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தாளு பேரச் சொன்னா அந்தாளப் புடிப்பான். நம்மளுக்காகக் கத்துற ஒரே ஆளு. என் பேரச் சொன்னா என்னயத்தான புடிப்பான்." பிறகு, "எனக்கும் கால் நடுங்குச்சு" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

கடிதம் உடனே வரவில்லை. வராத ஒவ்வொரு மாதமும் அம்மா தகரப் பெட்டியைத் துடைத்து வைப்பாள், எந்நேரம் கிளம்பச் சொன்னாலும் துணிமணி வைக்க. எண்பதுகள் பிறந்த பிறகுதான் நீல ஐசி கையில் கிடைத்தது. அதைப் பார்த்தும் அம்மா பெட்டியைப் பரண் மேல் ஏற்றவில்லை.

அடுத்து வந்த தேர்தலில் அப்பா முதல் தடவையாக ஓட்டுப் போடப் போனார். தமிழ்ப்பள்ளியில்தான் ஓட்டு. பின்னால் நான். மேசையில் இருந்தவர் ஐசியைப் பார்த்து அப்பாவின் பேரை உரக்கப் படித்தார். அங்கே அது வழக்கம். அப்பா விறைத்து நின்றதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"வந்தேன்!"

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. படித்தவர் பேனாவைத் தவறவிட்டார். நான் பழைய பயத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு ஜாக்கெட் போட்டவர் யாரும் இல்லை. அப்பா ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.