நாய்களை யார் பார்த்துக்கொள்வது

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் மாமாவின் கல்யாணத்துக்கு அம்மா போக முடியாமல் நாய்கள் குறுக்கே நின்றன. அப்படித்தான் நான் நம்பினேன். பெரியவர்கள் எல்லோரும் ஒரு மாதமாக நாய்களைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு எதைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாங்கள் சோமனூரில் இருந்தோம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு விசைத்தறிகள். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மா தறிகளை ஒருநாள்கூட நிறுத்தவில்லை. அப்பாவின் ஆம்னி வேனை ஓட்டக் கற்றுக்கொண்டு நூலும் துணியும் அவளே ஏற்றி இறக்கினாள். கற்றுக்கொண்ட முதல் வாரம் கொட்டகைச் சுவரை இரண்டு முறை இடித்தாள். சுவரைப் பூசச் சொல்லிவிட்டு மறுபடியும் வண்டியை எடுத்தாள். அவள் சுபாவம் அது.

நாய்கள் இரண்டு. கருவாயன், அப்பா ஒருமுறை நூல் வாங்கப் போன இடத்திலிருந்து மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்த நாட்டுநாய். உடம்பெல்லாம் செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் கறுப்பு. அது யாரையும் கடித்ததில்லை. ஆனாலும் கடிக்கும் என்று தெருவே நம்பியது. லட்டு வெள்ளைச் சடைநாய், பக்கத்து வீட்டுக்காரர்கள் குடிமாறிப் போகும்போது எங்களிடம் விட்டுப் போனது. அதற்கு எதுவுமே ஆகாது. வண்டியில் ஏறினால் வாந்தி. மல்லிகைப் பூ வாசம் பட்டால் தும்மல். பூக்காரம்மா தெருமுனைக்கு வந்தாலே தும்ம ஆரம்பித்துவிடும். அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் பூ வாங்குவதை நிறுத்திவிட்டதால் அந்தத் தொல்லை மட்டும் ஒழிந்திருந்தது.

அம்மாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். பெரியம்மா பவானியில் இருந்தாள். கடைசியாகப் பிறந்த மாமா வெள்ளகோவிலில். மாமாவுக்கு நான்கு வயதிலேயே தாய் தவறிப்போக, அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டே அம்மா பள்ளிக்கூடம் போனாளாம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. புதுச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவருடைய அக்காளோ தங்கையோ பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள். கூடப்பிறந்தவள் நின்றால்தான் கல்யாணமே மேலே நடக்கும். சின்னக்காதான், அதாவது அம்மாதான், நிற்க வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். அதிலிருந்துதான் எல்லோருக்கும் எங்கள் நாய்கள்மேல் அக்கறை வந்தது.

பெரியம்மா தினமும் போன் செய்தாள்.

"ஏன் அம்மணி, நீ மொதநாளே கெளம்பி வந்துபோட்டா நாய்களை யாரு பாத்துக்குவாங்க?"

"தறிக்கு வர்ற அக்காகிட்டச் சொல்லிட்டு வாரனுங்க்கா."

"கருவாயன் அந்தம்மாளக் கடிச்சு வெச்சுதுன்னா? எதுக்கு அம்மணி வம்பு. நீ முகூர்த்தத்தன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாப் போதும். சீருக்கு நான் நின்னுக்கறேன்."

பெரியம்மா கெட்டவள் இல்லை. எனக்கு வருடா வருடம் பவானி ஜமுக்காளமும் கைமுறுக்கும் கொண்டுவருகிறவள். மாமாவின் வாழ்க்கை நன்றாக இருக்க வேண்டுமே என்று உள்ளூரப் பயந்தாள். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நாய்களைச் சொன்னாள். மற்றவர்களும் அப்படியே. ஒரு பெரியப்பா, வாயில்லாத ஜீவனைப் பட்டினி போடுவது பாவம் என்றார். திருப்பூரிலிருந்து ஒரு அத்தை, நாய்களுக்கு ஏக்கக் காய்ச்சல் வரும் என்றாள். நம் சொந்தக்காரர்கள் இவ்வளவு இளகிய மனசுக்காரர்களா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சீர். அன்றைக்குக் காலையில் கடைசியாக ஒரு போன் வந்தது. அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க்கா, சரிங்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டு, வேனின் பின்கதவைத் திறந்தாள்.

"கண்ணு, நாய்க ரெண்டையும் வண்டீல ஏத்து."

துணி ஏற்றுவதற்காக வேனின் நடு இருக்கையைக் கழற்றி வைத்திருந்தோம். அந்த இடத்தில் ஜமுக்காளத்தை விரித்துக் கருவாயனைக் கயிற்றோடு கம்பியில் கட்டினேன். லட்டு என் மடியில். அம்மா வெளிர்நீலப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பட்டுச்சேலைக்காரி ஒருத்தி, பின்னால் கறுப்பு மூஞ்சி நாயோடு, ஆம்னியை ஓட்டிக்கொண்டு போனதைக் பல்லடம் ரோட்டில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

பல்லடம் தாண்டும்போது மறுபடியும் பெரியம்மா. போனை நான்தான் ஸ்பீக்கரில் பிடித்துக்கொண்டிருந்தேன். லட்டு குரைத்தது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"நாய்களோடவா வர்றே? மண்டபத்துக்குள்ள எப்புடி அம்மணி? நாய் இல்லீன்னாப் பரவால்ல. இதுகளைக் கையில வெச்சுக்கிட்டு நீ எப்புடிச் சீருல நிப்பே?"

"வந்து பாத்துக்கலாங்க்கா" என்றாள் அம்மா.

நாய் இல்லீன்னாப் பரவால்ல. நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நாய்கள் இல்லாவிட்டால் அம்மா சீரில் நிற்கலாம். அம்மா நிற்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. அப்பா போனபிறகு எந்த விசேஷத்திலும் அவள் கடைசி வரிசை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தறி வேலையில் கால் வலிக்கிறது, அதனால்தான் உட்காருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

பொங்கலூர் அருகே லட்டு வாந்தி எடுத்தது. அம்மா ஒரு பேக்கரி ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனாள். நான் கருவாயனின் கயிற்றை அவிழ்த்தேன். அது கையை நக்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கீழே தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிஸ்கட்டை வீசினேன். அது பிஸ்கட்டைத் தேடிப் போனது. கதவைச் சாத்திவிட்டேன். லட்டுவை வழியில் இன்னொரு இடத்தில் விடுவதாகத் திட்டம். இரண்டையும் ஒரே இடத்தில் விட்டால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் அல்லவா.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். லட்டு விட்டுக்கொடுக்கவில்லை. பின்பக்கம் பார்த்து ஓயாமல் குரைத்தது. காங்கேயத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது அம்மா கண்ணாடியில் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பியே பார்த்தாள்.

"கருவாயன் எங்க?"

நான் லட்டுவின் சடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா வண்டியைத் திருப்பினாள். மணி இரண்டரை. மாமா போன் செய்தார்.

"அக்கா, எங்க வர்றீங்க? நீங்க வந்தாத்தான் நான் மணையில உக்காருவனுங்க."

"வாரேன் சாமி, நேரத்துக்கு வந்துருவேன்" என்றாள் அம்மா, வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டு.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "நான்தான் அவுத்து உட்டேன். நாய் இல்லீன்னாப் பரவால்லைன்னு பெரியம்மா சொல்லுச்சு. நாய் போயிட்டா நீ நிக்கலாமல்ல."

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாய் ஒண்ணும் குறுக்க நிக்குல கண்ணு."

"அப்பறம் எதும்மா நிக்குது?"

"ஒண்ணும் நிக்குல. லட்டுவ நல்லாப் புடிச்சுக்க." வண்டி முன்பைவிட வேகமாகக் கிளம்பியது.

கருவாயன் அந்த பேக்கரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. எந்தப் பக்கம் எங்கள் வண்டி போனதோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு. டீ மாஸ்டர் அதன் முன்னால் ஒரு பன்னைப் போட்டிருந்தார். அதை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா பட்டுச்சேலை மண்ணில் புரள உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அவருதான் சொல்லாமப் போயிட்டாரு. நீயும் போயிரலாம்னு பாத்தியா" என்று அதனிடம் சொன்னாள். நான் விட்டுவிட்டுப் போன நாயை அவள் குறை சொல்லியது எனக்குச் சங்கடமாக இருந்தது.

வெள்ளகோவில் மண்டபத்து வாசலில் நாங்கள் நின்றபோது நாலு ஆக ஐந்து நிமிடம். பெரியம்மா அரக்குப் பட்டில் தயாராக வெளியே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெரியப்பா, அந்த அத்தை, இன்னும் நாலைந்து பேர்.

"வந்துட்டயா அம்மணி. வண்டீல வெய்யில்ல கெடந்தா நாய்க என்னத்துக்கு ஆகும்? நீ இங்கயே நெழல்ல இருந்து பாத்துக்க. நான் உள்ள பாத்துக்கறேன்."

அம்மா கயிற்றை விடாமல் நின்றாள். நான் செய்த தப்பைச் சரிக்கட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று எனக்குத் தோன்றியது. அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

"நான் பாத்துக்கறேன் பெரியம்மா. வேப்பமரத்து நெழல்ல கட்டிக்கறேன். தண்ணியும் இருக்குது."

பெரியப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இத்தனை நாள் நாய்களைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள், நாய்களுக்கு ஒரு வழி பிறந்ததும் இப்படி ஊமையாகிவிட்டார்களே என்று எனக்கு ஆச்சரியம். அதற்குள் மாமா பட்டுவேட்டியோடு வெளியே வந்தார். கருவாயன் தாவி அவர் வேட்டியில் இரண்டு காலையும் வைத்தது. அவர் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தார்.

"அதான் பாப்பா பாத்துக்குதுங்களே, பெரியக்கா. அப்பறம் என்னங்க?"

சீர் நடத்தி வைக்கும் அருமைக்காரர், யார் நிற்பது என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார். வயதானவர். அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். நாய் முடி ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் நெற்றி. அவர் மாமாவைப் பார்த்தார். மாமா பிடித்த கையை விடவில்லை.

"நேரமாவுதுங்க. உள்ள வாங்க அம்மணி" என்றார் அருமைக்காரர்.

ஆகவே அம்மா சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் இரண்டு நாய்களுக்கு நடுவே உட்கார்ந்து மேளச்சத்தத்தை மட்டும் கேட்டேன். உள்ளே என் புத்திசாலித்தனத்தால் காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு ஒரே கர்வம். பல வருடங்கள் அந்தக் கர்வம் போகவில்லை.

மேளம் நின்று கொஞ்சநேரத்தில் அம்மா ஒரு தட்டில் இனிப்போடு மரத்தடிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் சிரித்தது. அவள் தலையில் ஒரு முழம் மல்லிகை.

"ஏதும்மா பூவு?"

"வெறுந்தலையா நின்னா போட்டோல நல்லாருக்காதுன்னு உங்க பெரியம்மா அது தலையில இருந்து எடுத்து வெச்சு உட்டுது."

லட்டு தும்மியது. மறுபடியும் தும்மியது. நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அன்றைக்கு என்னுடையது. அதை நான் கண்டிப்பாகவே செய்தேன்.

"லட்டுக்குப் பூ ஆகாதுன்னு உனக்குத் தெரியாதாம்மா? போட்டோ எடுத்தாச்சல்ல. அதை எடுத்துரு."

அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பூவைத் தொட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"தும்மட்டும் கண்ணு" என்றாள். "இன்னைக்கு ஒருநா தும்மட்டும்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் கூட்டிவந்த நாயைவிட ஒரு முழம் பூவா பெரிது என்று நினைத்துக்கொண்டு, லட்டுவைத் தூக்கிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.