லோகோவுக்கு வைத்த சந்தனம்

இந்த வாரம் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். கோபம் இன்னும் தணியவில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மும்பை மாதுங்காவிலிருந்து புனேவுக்குக் கிளம்பினோம். வண்டி என் அத்திம்பேருடையது - அக்காவின் கணவர். ஐரோப்பிய சொகுசுக் கார், புத்தம் புதுசு. ஓட்டியவர் இசக்கி. தாராவிக்காரர், திருநெல்வேலிப் பூர்வீகம், அத்திம்பேரிடம் பல வருஷமாக டிரைவர்.

எக்ஸ்பிரஸ்வேயில் ஏறியதுமே பின்சீட்டிலிருந்து உத்தரவு வந்தது.

“இசக்கி, அந்த க்ரூஸ் கன்ட்ரோலைப் போடு. எதுக்கு வாங்கியிருக்கேன்?”

அதாவது, வேகத்தைச் செட் பண்ணிவிட்டால் போதும். முன்னால் வண்டி வந்தால் கார் தானே பிரேக் போடும், விலகினால் தானே வேகமெடுக்கும். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சரி.

பன்வேல் தாண்டி, காலி ரோட்டில், வண்டி திடீரென்று பிரேக் போட்டு நின்றது. முன்னால் ஈ காக்கை இல்லை! பின்னால் வந்த டெம்போ டமால் என்று மோதியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் அத்திம்பேர் கத்திய கத்தல் இருக்கிறதே...

“தூங்கிட்டியாடா?”

“பிரேக்குல நான் கால் வைக்கவே இல்ல சார். வண்டி தானா பிடிச்சிட்டு.”

முன்சீட்டில் இருந்த நான், இசக்கியின் கால் பிரேக்கில் இல்லை, கண்ணால் பார்த்தேன் என்றேன்.

“நீ சும்மா இருடா. ஃபாரின் கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

மனுஷன்தான் சொல்வானாம்! அன்று சாயங்காலமே இசக்கியின் வேலை போயிற்று. ஒரே சம்பளத்தில் ஓடுகிற குடும்பம்.

கார் சர்வீஸ் சென்டருக்குப் போனபோது நானும் கூடவே போனேன். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்த டை கட்டிய இளைஞர் சாவகாசமாகச் சொன்னார் - பிரேக் போட்டது வண்டிதான். முகப்பு லோகோவுக்குப் பின்னால் ராடார் இருக்கிறது. லோகோ மேல் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்ததில் அது குழம்பி, இல்லாத வண்டியைப் பார்த்துவிட்டதாம்.

“யே தோ ஆப்கி கல்தி ஹை, சார்!”

எங்கள் தப்பாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெலிவரி அன்று தேங்காய் உடைத்து, லோகோவுக்கு முதல் பொட்டு வைத்ததே இவர்கள் ஷோரூம் மேனேஜர்தானே? கைதட்டிப் போட்டோ வேறு எடுத்தார்கள். அப்போது ராடார் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா? அதைப் பார்த்துத்தானே அத்திம்பேர் வெள்ளிக்கிழமை தவறாமல் இசக்கியைப் பொட்டு வைக்கச் சொன்னார்? பூஜை போடாத புது வண்டி நம் ஊரில் உண்டா? இங்கே கடை விரித்திருப்பவனுக்கு இதுகூடத் தெரியாதா?

கத்தினேன். ஏசி ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

வீட்டுக்கு வந்து அத்திம்பேரிடம் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது.

“சரி, நாளைலேர்ந்து அவனை வரச் சொல்லு.”

அவ்வளவுதான். ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி!

நான்தான் போன் போட்டேன். இசக்கி மரியாதையாகவே பேசினார்.

“இல்ல சார், செம்பூர்ல வேற இடத்துல சேந்துட்டேன். பழைய வண்டிதான்... ஆனா நான் மிதிச்சாத்தான் நிக்கும்.”