நீலத்தை மறைக்காத எலுமிச்சைச் சாறு

சிங்கவரத்துக் கன்னியப்பன் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் தமிழினி. கன்னியப்பன் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர். மகள் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, சென்னையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்ததை ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம் கன்னியப்பன் சொன்னார். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் மட்டும் ஹாரன் அடித்துச் சமாளித்துவிடுவார்.

ஒரு பொங்கல் விடுமுறையில் தமிழினி அவரை உட்கார வைத்து விளக்கினாள். நம் உடம்புக்குள் நொதிகள் இருக்கின்றன. மெதுவாக நடக்கிற காரியத்தைச் சட்டென்று நடத்திக் கொடுப்பது அவற்றின் வேலை. ஆனால் சூடு பட்டால் கெட்டுப்போகும். அவள் செய்திருப்பது இரும்பு கலந்த ஒரு செங்கல் நிறப் பொடி. உயிரில்லாத பொருள்தான், இருந்தாலும் நொதி செய்கிற வேலையைச் செய்யும். காரணம், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள்.

"ஒரு ஸ்பூன் பொடியில இருக்கிற ஓட்டைங்க சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா அரை ஏக்கர் வரும் நைனா."

கன்னியப்பன், "அப்போ நம்ம குடும்பத்துல மொத மொத நெலம் வாங்குனது நீதான்" என்றார். பட்டா யார் பேரில் என்று அம்மா மீனம்பாள் அடுப்படியிலிருந்து கேட்டாள். மூவரும் சிரித்தார்கள்.

பொடியை இரண்டு நிறமற்ற திரவங்களோடு சேர்த்தால் பளிச்சென்று நீலம் வரும். அதில் வைட்டமின் சி உள்ள சாற்றை விட்டால் நீலம் மறைந்துவிடும். மிஷின் வேண்டாம், கண் போதும். ஆனால் ஏ.சி. அறையில் வேலை செய்வது பெரிய விஷயமில்லை, வெயிலில் செய்யுமா என்று பார்த்து வரச் சொன்னார் அவளுடைய பேராசிரியர் கலைவாணி. வெயிலுக்குச் செஞ்சியைவிட நல்ல இடம் எது என்று தமிழினி மே மாதத்தில் ஊருக்கு பஸ் ஏறினாள். ஒப்பிட்டுப் பார்க்க ஐஸ் டப்பாவில் கொண்டுவந்த அசல் நொதி, திண்டிவனம் தாண்டுவதற்குள் ஐஸ் உருகி, வீடு வந்தபோது பாதி செத்திருந்தது. சாதாரணப் பையில் கிடந்த பொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று முழுக்க அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்துக்குப் போனாள். அங்கே துரைக்கண்ணுவும் அவர் மனைவி மகாலட்சுமியும் தள்ளுவண்டியில் எலுமிச்சை ஜூஸ் விற்கிறார்கள். கோட்டை ஏறி இறங்குகிறவர்கள் அங்கே நிற்காமல் போவதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு: அது பழச்சாறே இல்லை, லெமன் சால்ட்டும் எசென்சும் என்று. நிஜப் பழச்சாறா என்று பொடி காட்டிவிடும் எனத் தமிழினி சொன்னதும் துரைக்கண்ணுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எல்லார் முன்னாலயும் பாரும்மா. ஊர் வாய் அடங்கட்டும்."

பொடியால் இரண்டு குப்பிகளில் நீலம் வரவழைத்து, முதலில் ஒன்றில் லெமன் சால்ட் கரைத்த தண்ணீரை விட்டாள். அதில் புளிப்பு மட்டும்தான், வைட்டமின் கிடையாது; நீலம் அப்படியே நின்றது. அடுத்து பானையிலிருந்து துரைக்கண்ணுவின் சாறு. நீலம் மறையவேண்டும். மறையவில்லை.

கூட்டத்தில் ஒருவர் கையிலிருந்த கிளாசை வண்டியில் வைத்துவிட்டு நடந்தார். இன்னும் இரண்டு பேர் பின்னால் போனார்கள். ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தமிழினி பதறினாள். துரைக்கண்ணு சாக்கிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, அறுத்து, அவள் கண் முன்னால் பிழிந்தார்.

"இதுவும் அதே பழந்தாம்மா. இத்தப் பாரு."

நீலம் ஒரு நொடியில் காணாமல் போனது.

பொடியும் சரி, பழமும் சரி. அப்படியானால் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. எப்போது பிழிவீர்கள் என்று கேட்டாள். விடியற்காலையிலேயே மொத்தமாகப் பிழிந்து வைத்துவிடுவோம் என்றாள் மகாலட்சுமி. எதில் என்று கேட்டபடியே தமிழினி பானை மூடியைத் திறந்தாள். செம்புப் பானை. சாறு நின்ற மட்டம் வரை உள்பக்கம் புதுக்காசு போலப் பளபளத்தது, அதற்கு மேலே கறுத்திருந்தது. செம்பில் தண்ணீர் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று யாரோ போனில் அனுப்ப, போன மாதம்தான் வாங்கினார்களாம்.

தமிழினிக்கு அப்போதுதான் உறைத்தது. புளிப்பு பட்டால் செம்பு கரையும், கரைந்த செம்பு வைட்டமினை வேகமாகத் தின்றுவிடும். ஆனாலும் வாயால் சொன்னால் போதாது. புதிதாகப் பிழிந்த சாற்றைப் பாதி எவர்சில்வர் சொம்பிலும் பாதி பானையிலும் ஊற்றி, உச்சிவெயில் வரை வண்டியோரம் காத்திருந்தாள். குரங்குகள் பழத்தைத் தூக்காமல் காவல் காப்பதும் அவள் பொறுப்பாயிற்று. மத்தியானம் சொம்புச் சாறு நீலத்தை விழுங்கியது. பானைச் சாற்றுக்கு முன்னால் நீலம் அசையவில்லை.

அதற்குள் காலையில் கிளாசை வைத்துவிட்டுப் போனவர் கோட்டையிலிருந்து நாக்கு வறண்டு இறங்கி வந்தார். அவரையே நிறுத்தி இரண்டையும் காட்டினாள் தமிழினி. செம்பு கரைந்த சாறு வயிற்றுக்கும் ஆகாது என்றாள். அவர் யோசித்துவிட்டு, சொம்பிலிருந்து ஒரு கிளாஸ் கேட்டார்.

"தண்ணிக்குத்தான் நல்லதுன்னாங்க. புளிப்புக்குன்னு யாரும் சொல்லலயே" என்றாள் மகாலட்சுமி. அன்றைக்கே பானை வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு, கேட்கிறவர் முன்னால்தான் பழம் அறுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். கூட்டம் முன்னைவிடக் கூடியது.

தமிழினியின் ஆய்வேட்டில் அந்தச் செம்புப் பானை ஓர் அத்தியாயமாயிற்று. கடைசி நாள் வாய்மொழித் தேர்வில், கன்னியப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மற்ற அத்தியாயங்களைச் சீக்கிரம் புரட்டிவிட்டு, பானையைப் பற்றியே கேள்வி மேல் கேள்வி கேட்டார். தமிழினி ஒவ்வொன்றுக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள். பட்டம் உறுதி என்று அறிவித்ததும் முதலில் கைதட்டியவர் கன்னியப்பன்தான்.

தேர்வாளருக்கு இன்னும் ஆவல் அடங்கவில்லை. அந்தக் கடை நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க சார், என் ஆட்டோலயே கூட்டினு போறேன்" என்றார் கன்னியப்பன்.

தேர்வாளரும் வந்தார். லீவு நாள் என்பதால் கூட்டம் அலைமோதியது. இவர் யார் என்று கன்னியப்பன் சொல்லியும் துரைக்கண்ணு அசரவில்லை. தேர்வாளரையும் வரிசையில் வரச் சொன்னார்.