மருமகள் கேட்ட ஜெபம்

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மும்பை தாராவியில் எங்கள் வீட்டில் புதன்தோறும் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். கண்ணீரோடு ஜெபிப்பவள் என்று எனக்குப் பெயர். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சென்ற மாதம் ஒரு கூட்டத்தில், "ஆண்டவரே, என் மருமகளுக்கு நல்ல புத்தியைத் தாரும். வேலை வேலைன்னு ஓடுதாளே தவிர, பிள்ளையக் கவனிக்க மாட்டேங்கா" என்று உருக்கமாக ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், வாசலில் மருமகள் நின்றிருந்தாள். காய்ச்சலென்று குர்லா ஆபீசிலிருந்து சீக்கிரமே திரும்பியிருக்கிறாள். உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். நான் குடிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

எல்லோரும் போனபிறகு சொன்னாள்: "வீட்ல இருக்க எனக்கும் ஆசைதான் அத்தே. நானும் அதுக்குத்தான் ஜெபிக்கேன்."

இத்தனை நாள் நான் செய்தது ஜெபமல்ல, புறணி என்று அப்போதுதான் உறைத்தது. கூனிக்குறுகி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் கூட்டத்தில் அவள் பெயரை எடுக்க நாக்கு கூசுகிறது.

இப்போதெல்லாம் காலையில் அவள் கிளம்பும்போது, "உனக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று அவளிடமே கேட்டுவிடுகிறேன். நேற்று, "ரயில்ல உக்கார ஒரு சீட் கெடைக்கணும் அத்தே" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் தலையில் கைவைத்து, ஆண்டவரிடம் அதையே கேட்டேன்.